திருட்டு மென்பொருளில் தேடும் ரிஸ்கில் பரக்கத் எங்கே?





கோழிக் கடைக்குச் சென்றால், அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாரா என்று கேட்டுத் தெளிந்த பின்பே வாங்குகிறோம். பிஸ்கட் உறையைத் திருப்பி, அதில் அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டு எண்களுள் பன்றிக் கொழுப்பைக் குறிப்பது எதுவும் உண்டா என்று தேடுகிறோம். வங்கிக் கணக்கில் கேளாமலே சேரும் வட்டித் தொகையை என்ன செய்வது என்று ஆலிம்களிடம் வினவுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், இந்தப் பேணுதல் நம் சமுதாயத்தின் அணிகலன்.

ஆனால் அதே வீட்டின் மேசைமீது ஒரு கணினி இருக்கிறது. அதில் மகன் நிக்காஹ் ஆல்பம் வடிவமைக்கிறான். மருமகன் தன் ஸ்டூடியோவுக்கு வந்த படங்களைத் திருத்துகிறான். மகள் வீட்டிலிருந்தபடியே அழைப்பிதழ் வரைந்து சம்பாதிக்கிறாள். அந்தக் கணினியிலுள்ள போட்டோஷாப் எங்கிருந்து வந்தது, அதற்குரிய விலை கொடுக்கப்பட்டதா என்று அந்த வீட்டில் எவரும் கேட்பதில்லை. கேட்டால், "எல்லோரிடமும் இருப்பதுதானே!" என்ற பதில் வரும். சந்தையில் எல்லோரும் எடையில் குறைக்கிறார்கள் என்பதற்காக நம் தராசைச் சாய்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கவில்லை. எடையில் மோசடி செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் அமைந்திருப்பதை நாம் அறிவோம்.

புகைப்படம் எடுப்பது குறித்து அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பொருளன்று. அது கூடும் என்ற கருத்தை ஏற்று அத்தொழிலில் இறங்கியிருப்போர், தம் தொழிற்கருவியை எவ்வழியில் பெற்றனர் என்பதே இங்குக் கேள்வி.

"எடுத்தாலும் குறையாத பொருள்தானே?"

முதலில் எழும் சமாதானம் இது. கடையிலிருந்து ஒரு சட்டையைத் திருடினால் கடைக்காரரிடம் ஒரு சட்டை குறைகிறது. மென்பொருளை நகலெடுத்தால் யாரிடமும் எதுவும் குறையவில்லையே என்பர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இவ்வாதம் உரசிப் பார்த்தால் நிற்காது.

போட்டோஷாப் வானத்திலிருந்து இறங்கியதன்று. 1987-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் எழுதத் தொடங்கி, தம் சகோதரர் ஜானுடன் சேர்ந்து வளர்த்த நிரல் அது. 1990-இல் அடோபி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து பல்லாயிரம் நாள்களின் உழைப்பு அதில் சேர்ந்திருக்கிறது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர், "உன் உழைப்பின் பயன் எனக்கு வேண்டும், கூலி மட்டும் தரமாட்டேன்" என்று கூறலாமா?

நம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், கையால் தொட்டெடுக்கக்கூடிய பொருள் மட்டுமே உடைமை என்று கருதப்படுவதில்லை. பொருளால் விளையும் பயனும் மதிப்புள்ள உடைமையே. வாடகை வீட்டில் குடியிருந்துவிட்டு, "சுவரில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை, எதற்கு வாடகை?" என்று எவரும் கேட்பதில்லை. நாம் அனுபவித்த பயனுக்கே வாடகை என்பது நமக்கு விளங்குகிறது. கணினிக்கு முன் அமர்ந்ததும் இந்த விளக்கம் எங்கே போய்விடுகிறது?

இக்காலக் கேள்வியை அறிஞர்கள் கண்டுகொள்ளாமலும் இல்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தனது 5-ஆம் அமர்வில், வணிகப் பெயர், நூலாக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியன உரியவர்களுக்கே சொந்தமான, பொருள் மதிப்புடைய உரிமைகள் என்றும், ஷரீஅத் அவற்றைப் பாதுகாக்கிறது என்றும், அவற்றின்மீது வரம்பு மீறுதல் கூடாது என்றும் தீர்மானித்தது. இதற்கு மாறாக, எழுத்துரிமையை விற்கத்தக்க உடைமையாக ஏற்காத ஆலிம்களும் முன்பு இருந்தனர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களின் கருத்தை எடுத்துக்கொண்டாலும் கிராக் மென்பொருள் தப்பாது. மென்பொருளை நிறுவும்போது "நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்ற கட்டத்தைச் சொடுக்குகிறோம். அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு இடும் கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. பின்னர், நமக்கு வழங்கப்படாத எண் ஒன்றை நம்முடையது என்று உள்ளிடுகிறோம், அது பொய். உரிமை குறித்த கருத்து வேறுபாட்டைக் காட்டி, பொய்யையும் வாக்குமீறலையும் ஹலாலாக்கிக்கொள்ள எந்த மத்ஹபிலும் வழியில்லை.

இன்னொன்றையும் ஸ்டூடியோ நடத்தும் சகோதரர்கள் சிந்திக்க வேண்டும். நீங்கள் எடுத்த படத்தின் மூலையில் உங்கள் கடையின் பெயரைப் பொறிக்கிறீர்கள். அந்தப் பெயரை வெட்டிவிட்டு வேறொரு ஸ்டூடியோ அதே படத்தைத் தன் விளம்பரத்தில் போட்டால் கொதித்தெழுகிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானதே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு புகைப்படத்தின் உரிமையை, அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் பாதுகாக்கிறது. உங்கள் படத்துக்குக் காவல் நிற்கும் அந்த 1957-ஆம் ஆண்டுச் சட்டமே மென்பொருளுக்கும் காவல் நிற்கிறது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகக் கேட்டு, பிறருக்கு அளக்கும்போது குறைப்போரின் குணத்திலிருந்து இது எவ்வகையில் வேறுபடுகிறது?

"அவர்கள் நமக்கு எதிரிகள் அல்லவா?"

அடுத்த சமாதானம் வீரமாக ஒலிக்கும். "அந்த நிறுவனங்கள் மேற்குலகின் பெரும் செல்வந்தர்களுடையவை, நம் சமுதாயத்துக்கு அநீதி இழைக்கும் நாடுகளுக்கு வரி செலுத்துபவை, அவற்றுக்கு ஏன் காசு தரவேண்டும்?" என்பர்.

மக்காவின் குறைஷிகளைவிடக் கொடிய எதிரிகள் எவர் இருந்தனர்? நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்டவர்களும், முஸ்லிம்களின் வீடுகளையும் சொத்துகளையும் பறித்தவர்களும் அவர்களே. அந்த மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்கள் அண்ணலாரிடம் இருந்தன. ஹிஜ்ரத் செய்த வேளையில், அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள் என்பது சீறாவைப் படித்த நம் பிள்ளைகளுக்கும் தெரியும். "எதிரியின் பொருள்தானே" என்ற வாதத்துக்கு இடமிருந்திருந்தால், அது செல்லுபடியாகியிருக்க வேண்டிய நாள் அந்நாள்தான். அன்றே அது செல்லவில்லை.

புறக்கணிப்பு என்ற கோணத்தில் பார்த்தாலும் இவ்வாதம் தலைகீழானது. ஒரு பானத்தைப் புறக்கணிப்பவர் அதைக் குடிப்பதை நிறுத்துகிறார். கடையிலிருந்து திருடிக் குடிப்பதில்லை. கிராக் போட்டோஷாப்பைப் பயன்படுத்துபவர் அந்நிறுவனத்தின் பிடியை இறுக்கவே செய்கிறார். அவர் அதிலேயே தொழில் பழகுகிறார், தம் உதவியாளனுக்கும் அதையே கற்பிக்கிறார், தம் கோப்புகளை அதன் வடிவிலேயே பிறருக்கு அனுப்புகிறார். "இது இல்லாமல் தொழில் இல்லை" என்ற எண்ணம் ஊரெங்கும் வேரூன்ற அவரும் ஒரு காரணமாகிறார். உண்மையிலேயே புறக்கணிக்க விரும்புபவர் அதை நீக்கிவிட்டு வேறு கருவிக்கு மாறவேண்டும். அதற்குச் சில வாரப் பயிற்சி வேண்டும். அந்தச் சிரமத்தை ஏற்க மனமில்லாத இடத்தில் உம்மத்தின் துயரத்தைச் சாக்காக இழுப்பது, அத்துயரத்துக்கே செய்யும் அவமரியாதை.

"நான் ஏழை, வேறு வழியில்லை"

இந்தச் சமாதானத்தைப் பரிவோடு அணுக வேண்டும். சிற்றூரில் ஒரு ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குக் கடை வாடகை, கேமராவின் மாதத் தவணை, மழைக்காலத்தில் வேலையின்மை என்று சுமைகள் பல. 2013 முதல் அடோபி தன் முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளை ஒரேமுறை விலைக்குத் தராமல் சந்தாவாக மட்டுமே தருகிறது. தொழில் நடக்கும் மாதத்திலும் நடக்காத மாதத்திலும் பணம் கட்டு என்பது எளியவர்மீது விழும் பாரமே. சந்தாவை இடையில் நிறுத்துவோரிடம் வாங்கும் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்தது என்று 2024 ஜூனில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனே அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. எனவே அந்நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று.

ஆனால் நிர்ப்பந்தம் என்பதற்கு ஃபிக்ஹில் ஓர் எல்லை உண்டு. ஹலாலான உணவு எங்கும் கிடைக்காமல் உயிர் போகும் நிலையில் இருப்பவருக்குத் தடுக்கப்பட்டதில் சலுகை உண்டு. பக்கத்திலேயே ஹலால் உணவகம் திறந்திருக்க, "அங்குள்ள சுவை எனக்குப் பழக்கமில்லை" என்பவருக்கு அச்சலுகை இல்லை. படத் திருத்த மென்பொருளைப் பொறுத்தவரை அந்த உணவகம் திறந்தே இருக்கிறது. உணவும் பெரும்பாலும் இலவசம். அவ்வழிகளைக் கீழே காண்போம்.

"மார்க்கப் பணிக்குத்தானே!" என்று கூறுவோருக்கும் ஒரு வார்த்தை. மீலாது விழா அழைப்பும் பயான் சுவரொட்டியும் ரமளான் நேர அட்டவணையும் திருட்டு மென்பொருளில் வடிவமைக்கப்படுகின்றன. பறித்த நிலத்தில் பள்ளிவாசல் கட்ட எவரும் முன்வருவதில்லை. நிய்யத் நல்லதாயிருப்பது வழியைத் தூய்மையாக்கிவிடாது.

நம் பெண்களின் படங்கள் என்னும் அமானிதம்

இதுவரை கூறியவை நிறுவனத்தின் உரிமை பற்றியவை. இனிக் கூறப்போவது நம் குடும்பங்களின் மானம் பற்றியது.

நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுக்கப்படும் படங்கள் யாரிடம் இருக்கின்றன? மணப்பெண்ணும் அவளுடைய சகோதரிகளும் தோழியரும் ஹிஜாப் இன்றி, அந்நிய ஆண்கள் இல்லை என்ற நம்பிக்கையில் நின்ற படங்கள் அவை. பல குடும்பங்கள் இதற்காகவே பெண் புகைப்படக் கலைஞரைத் தேடி அமர்த்துகின்றன. எடுத்தவர் பெண்ணாகவே இருக்கட்டும். அப்படங்கள் சென்று சேர்வது ஒரு கணினியின் வன்தட்டில். அந்தக் கணினியின் பாதுகாப்பை மென்பொருள் திருடர்களின் கையில் ஒப்படைத்திருந்தால் அங்கே பர்தா எது?

கிராக் எவ்வாறு நிறுவப்படுகிறது என்று பாருங்கள். "முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து, இணையத்தைத் துண்டி, இந்தக் கோப்புக்கு நிர்வாகி அனுமதி கொடுத்து இயக்கு" என்பதே அதனுடன் வரும் வழிகாட்டல். வீட்டுக் காவலாளியை அனுப்பிவிட்டு, முன்பின் அறியாத ஒருவனை அழைத்து, பீரோச் சாவியை அவன் கையில் கொடுப்பதற்கு ஒப்பானது இது. அந்தக் கோப்பை ஆக்கியவன் யார், ஏன் இலவசமாகத் தருகிறான் என்று எவருக்கும் தெரியாது. கடவுச்சொற்களையும் கோப்புகளையும் அள்ளிச் செல்லும் தீநிரல்கள் பரவும் முக்கிய வழிகளுள் கிராக் கோப்புகளும் ஒன்று. 2018 முதல் உலகெங்கும் தனிநபர்களின் கணினிகளைப் பாழாக்கிவரும் "ஸ்டாப்" எனப்படும் பணயத் தீநிரல் பெரிதும் இவ்வழியாகவே நுழைகிறது. அது நுழைந்தால் படங்கள் எல்லாம் பூட்டப்படும். திறக்க வேண்டுமானால் பணம் கேட்பார்கள். வாழ்வில் ஒருமுறை நடந்த ஒரு குடும்பத்தின் நிக்காஹ் படங்களை எந்தப் பணத்தைக் கொண்டு மீட்டுத் தருவீர்கள்?

பூட்டப்படுவதைவிட வெளியேறுவது கொடியது. ஒருமுறை இணையத்தில் சிந்திய படத்தைத் திரும்ப அள்ள முடியாது. ஆகவே ஸ்டூடியோ நடத்துபவர் தம் கணினியைத் தூய்மையாக வைத்திருப்பது, அமானிதத்தை ஏற்றவர்மீது விழும் கடமை. படம் எடுக்கக் கொடுக்கும் குடும்பங்களும் கூலியைப் பேசுவதற்குமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "எங்கள் படங்களை எந்த மென்பொருளில் திருத்துகிறீர்கள்? அது முறையாகப் பெற்றதுதானா?" இக்கேள்வியைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால், நம் ஊர் ஸ்டூடியோக்கள் திருந்துவதற்கு இக்கட்டுரை தேவைப்படாது.

நாட்டின் சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இலாபத்துக்காகவோ வணிகத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே, சிறையை விடுத்து 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நீதிமன்றம் விடக்கூடும். ஸ்டூடியோ என்பது வணிகமே என்பதால் அச்சலுகையை அவர்கள் எதிர்பார்க்க முடியாது. இலங்கையிலும் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. "யார் வந்து பிடிக்கப்போகிறார்கள்?" என்று சிலர் சிரிக்கலாம். பிடிப்பவர் வராததால் தவறு சரியாகிவிடும் என்பது, அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்புவோரின் பேச்சாக இருக்க முடியாது.

ஹலாலான வழிகள் எவை?

தடுப்பதோடு நிற்பது நேர்மையன்று. கையில் காசு குறைந்தவர்களுக்கு உள்ள வழிகளை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, கிம்ப். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. இன்றுவரை தன்னார்வலர்கள் பேணி வளர்க்கின்றனர். முற்றிலும் இலவசம், வணிக வேலைக்குப் பயன்படுத்தவும் தடையில்லை, எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், பிறருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். தழும்பு நீக்குதல், கறை போக்குதல், பின்புலம் வெட்டுதல், நிறம் சீராக்குதல், அடுக்குகளில் வேலை செய்தல் ஆகிய அன்றாட வேலைகள் அனைத்தும் இதில் முடியும். போட்டோஷாப்பின் கோப்புகளையும் பெரும்பாலும் திறக்கும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், மூலப் படத்தைக் கெடுக்காமல் விளைவுகளைச் சேர்த்துப் பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. யூனிகோடு தமிழையும் அரபியையும் ஒழுங்காகக் காட்டும் என்பது அழைப்பிதழ் வடிவமைப்போருக்குப் பெரிய உதவி. குறையும் உண்டு: அச்சகத்துக்குரிய நான்கு நிற முறையில் நேரடியாக வேலை செய்ய இயலாது. அத்தேவை உள்ளவர்கள் அதே போன்ற இலவச மென்பொருளான கிரிட்டாவைத் துணையாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, கேமராவின் ரா கோப்புகளைப் பதப்படுத்துவதற்கு டார்க்டேபிள், ராதெரபீ என்னும் இரு கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. லைட்ரூம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இவை செய்கின்றன.

மூன்றாவது, பலரும் மறந்துவிட்ட வழி: நீங்கள் ஏற்கனவே விலை கொடுத்த கேமரா. கேனான் தன் வாடிக்கையாளர்களுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனலையும், நிகான் என்எக்ஸ் ஸ்டூடியோவையும், சோனி இமேஜிங் எட்ஜையும் இலவசமாகவே தருகின்றன. வெளிச்சம், நிறம், கூர்மை ஆகியவற்றைச் சரிசெய்ய இவை போதும். நூற்றுக்கணக்கான நிக்காஹ் படங்களுள் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது அவ்வளவுதான். நுணுக்கமாகத் திருத்த வேண்டியவை சிலவே.

நான்காவது, அஃபினிட்டி. முன்பு ஒரேமுறை விலைக்கு விற்கப்பட்ட இம்மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தை 2024-இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கியது. கேன்வாவில் ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் தனிக் கட்டணம். விண்டோஸ், மேக் கணினிகளில் இயங்கும். தமிழ், அரபி எழுத்துகள் சரியாக அமைகின்றனவா என்று ஓர் அழைப்பிதழைச் செய்துபார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு முழு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, போட்டோபியா. இணைய உலாவியிலேயே இயங்குவது, நிறுவ வேண்டியதில்லை. விளம்பரங்களோடு இலவசம், சிறு சந்தா கட்டினால் விளம்பரம் இல்லை. போட்டோஷாப்பை ஒத்த தோற்றமே இதற்கும் என்பதால் பழகியவர்களுக்குத் தடுமாற்றம் இராது. படங்கள் வேறெங்கும் ஏற்றப்படாமல் உங்கள் கணினியிலேயே திருத்தப்படுகின்றன என்பது, மேலே கூறிய அமானிதத்தைக் கருதுவோருக்கு ஆறுதல்.

ஆறாவது, கைபேசியில் குடும்பப் படங்களை மட்டும் திருத்துவோர் கணினி மென்பொருளைத் தேடவே வேண்டாம். கூகுளின் ஸ்னாப்சீட் இலவசம்.

ஏழாவது, போட்டோஷாப்பே வேண்டும் என்ற நிலையிலுள்ளோர். புகைப்படக் கலைஞர்களுக்கென போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்ந்த தனிச் சந்தாத் திட்டம் உண்டு. எல்லா மென்பொருள்களும் அடங்கிய பெருந்திட்டத்தைவிட விலை மிகக் குறைவு. கல்லூரியில் பயிலும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சலுகை விலை உண்டு. ஆண்டு ஒப்பந்தத்தில் மாதந்தோறும் கட்டும் திட்டமும், எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளும் திட்டமும் வெவ்வேறு. முன்னதை இடையில் நிறுத்தினால் கட்டணம் கேட்பர். பின்னதன் மாதத் தொகை கூடுதல், ஆனால் நிக்காஹ் காலத்தில் மட்டும் எடுத்து முடித்துக்கொள்ளலாம். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். சந்தாவே வேண்டாம் என்போருக்குப் போட்டோஷாப் எலிமென்ட்ஸ் உள்ளது. ஒருமுறை விலை கொடுத்தால் அண்மைப் பதிப்புகளின் உரிமம் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

மலிவு வேடத்தில் வரும் திருட்டு

ஹலாலைத் தேடுவோரை ஏமாற்றுவதற்கும் ஒரு சந்தை உண்டு. "சில நூறு ரூபாய்க்கு ஆயுட்கால உரிமம்" என்று விளம்பரம் வரும். சந்தாவாக மட்டுமே விற்கப்படும் பொருளுக்கு ஆயுட்கால உரிமம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் சிந்தித்தால் போதும். அது பெரும்பாலும் எவரோ ஒருவரின் கணக்கில் உங்களைச் செருகிவிடுவது, அல்லது கிராக்கையே அழகான உறையில் தருவது. காசு கொடுத்தோம் என்பதால் அது ஹலாலாகாது; திருட்டுப் பொருள் என்று தெரிந்தே விலைகொடுத்து வாங்குவது போன்றதுதான்.

மாணவரல்லாதவர் தம்பி மகனின் கல்லூரி மின்னஞ்சலைக் கொண்டு மாணவர் சலுகை பெறுவதும் பொய்யே. இலவச ஒத்திகைக் காலம் முடிந்ததும் புதுப்புது மின்னஞ்சல்களில் மீண்டும் மீண்டும் நுழைவதும் அவ்வாறே. 2013 ஜனவரியில், பழைய சிஎஸ்2 பதிப்பின் சரிபார்ப்புச் சேவையகத்தை நிறுத்திய அடோபி, ஏற்கனவே விலைகொடுத்து வாங்கியவர்களுக்காக அதன் கோப்பையும் எண்ணையும் தளத்தில் வைத்தது. "அடோபியே இலவசமாகக் கொடுத்துவிட்டது" என்ற செய்தி உடனே உலகெங்கும் பரவியது. அது உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே என்று நிறுவனம் மறுத்துரைத்தது. மறுப்பு பரவாமல், வதந்தி மட்டும் இன்றும் சிலர் வாயில் நிற்கிறது. கேட்டதையெல்லாம் ஆராயாமல் எடுத்துக்கொள்வது மூமினுக்கு அழகன்று.

ஜமாஅத்துகளும் பெற்றோரும்

இச்சுமையைத் தனி இளைஞன் தலையில் மட்டும் வைத்துவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது.

மதீனாவில் தண்ணீருக்கு மக்கள் தவித்தபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றைத் தம் செல்வத்தால் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். தண்ணீரைத் திருடிக் குடிக்குமாறு எவரும் ஃபத்வா கொடுக்கவில்லை. செல்வமுள்ளவர் வழி திறந்தார். கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இக்காலத்தின் பொதுக்கிணறுகளே. அவற்றில் இறைக்கத் தெரிந்தவர்கள் நம் மஹல்லாவில் வேண்டும். கோடை விடுமுறையில் மத்ரஸா வகுப்புக்குப்பின் ஒரு மணி நேரம் கிம்ப் கற்பிக்க ஜமாஅத் ஏற்பாடு செய்யலாம். தமிழில் ஒரு பாடக் காணொலித் தொடரை எவரேனும் செய்து வைத்தால், அதைப் பார்த்து ஹலாலாக உழைப்போர் இருக்கும் காலமெல்லாம் அது அவருக்கு ஸதகத்துல் ஜாரியா ஆகும், இன்ஷா அல்லாஹ்.

தொழில் தெரிந்த ஏழைக்கு அவனுடைய தொழிற்கருவியை வாங்கும் அளவுக்கு ஸகாத் கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில் அறியப்பட்ட சட்டம். தையல் இயந்திரமும் தள்ளுவண்டியும் வாங்கிக் கொடுக்கும் நம் பைத்துல்மால்கள், தகுதியுள்ள ஏழைக் கலைஞனின் மென்பொருள் உரிமத்தையும் அக்கணக்கில் சேர்க்கலாமா என்று தம் ஊர் முஃப்தியிடம் கேட்டு முடிவெடுக்கட்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையை டிசைனிங் வகுப்பில் சேர்க்கும்போது, முதல் நாளிலேயே பென்டிரைவில் கிராக் கொடுக்கும் நிறுவனமா அது என்று விசாரியுங்கள். தொழிலின் முதல் பாடமே பிறர் உரிமையைப் பறிப்பதாக இருந்தால், அப்பிள்ளை நாளை வாடிக்கையாளரின் உரிமையை எவ்வாறு பேணும்? இன்று மாலையே வீட்டுக் கணினியைத் திறந்து பாருங்கள். விலை கொடுக்காதது இருந்தால் நீக்குங்கள். கணினியை முழுமையாகத் துடைத்து மீண்டும் நிறுவுங்கள். கிம்பையோ அஃபினிட்டியையோ இறக்குங்கள். சில வாரங்கள் கை தடுமாறும், பிறகு பழகிவிடும்.

உணவும் உடையும் ஹராமாயிருப்பவனின் துஆ எவ்வாறு ஏற்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த எச்சரிக்கை கணினி மேசைக்கும் பொருந்தும்.

யா அல்லாஹ்! உன் ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்கி, ஹராமை விட்டும் எங்களைக் காப்பாயாக. எங்கள் இளைஞர்களின் கைத்தொழிலில் பரக்கத் செய்வாயாக. எங்கள் குடும்பங்களின் மானத்தை மறைத்துக் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.